நாற்பது நிமிடப் பழைய விளக்கு

தகவல் புதுமைப் பாதுகாப்பு ஆணையத்தின் கூடுதல் துணை இயக்குநர் தன் பதவியைச் சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். பிலோமி அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் வீட்டு விளக்கை நிறுத்தத்தான் அவர் வந்திருந்தார்.

கடலுக்குப் போன கணவன் செலஸ்டினின் இதயத்துடிப்புக்கு ஏற்ப அந்த விளக்கு மினுங்கும். அலைமேல் மிதக்கும் கருவிகள் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும் துடிப்பு வீடு வந்துசேர நாற்பது நிமிடமாகும். ஆள் கரையேறினாலும் அதே சுற்றுத்தான்.

“ஒரு நொடிக்கு மேல பழசானா அது கெட்டுப்போன தகவல்மா.”

“காலையில பழையதுதான் சார் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கேன்.”

அப்போது செலஸ்டினே வலையோடு உள்ளே வந்தான். அதிகாரியின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? ஆள் இங்க, விளக்கு இன்னும் கடல்ல.”

“விளக்குல உள்ள அவியளும் வந்து சேரட்டும் சார். பொறவு நிறுத்திக்கிடுங்க.”

காத்திருந்தார்கள். செலஸ்டின் வலையின் சிக்கெடுத்தான். சுவரெல்லாம் ஒளி அலையாக ஏறி இறங்கியது. வீடே மெல்ல மிதப்பதுபோலிருந்தது. அதிகாரிக்குத் தன் பதவிகூடப் பாதி மறந்துபோயிற்று.

நாற்பதாவது நிமிடத்தில் விளக்கு துள்ளியது.

“உள்ள வந்து என்னையப் பாத்துட்டாவ” என்றாள் பிலோமி.

“என்னைப் பாத்துப் பயந்திருப்பார்.”

“தெனமும் இப்படித்தான் சார் துள்ளும். நீங்க இன்னைக்குத்தான வந்திய.”

செலஸ்டின் வலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதிகாரி நெடுநேரம் யோசித்து அறிக்கையில் எழுதினார்: ‘தகவல் பழையது. கெடவில்லை.’