அண்ணியின் இரண்டு சீட்டுக் கார்

என் பெயர் மாயவன், வயது இருபத்தொன்று, இப்போது இருப்பது திருப்பூரில். கடப்பாரையின் முதல் அடி என்னுடையதுதான். இரண்டாவது அடியில் மூஞ்சி உள்ளே போய்விட்டது.

அடி வாங்கியது மலர்கொடி அண்ணியின் கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் போகும் அந்தக் காலத்து ரேஸ் வண்டி.

அண்ணியும் என் அண்ணன் புருஷோத்தமனும் ஆரோவில் பக்கம் ஒரே வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஊருக்குத் திரும்பப்போகிற வெள்ளைக்கார முதலாளி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள், ஓடாமல் கிடந்த இந்தக் காரை ஓட்டிக் காட்டுகிறவருக்குத்தான் வொர்க்‌ஷாப் சாவி என்று சொல்லிவிட்டார். காயலாங்கடைக்குத்தான் ஆகும் என்று அண்ணன் கைவிட்டதை அண்ணி கேட்டு வாங்கினார்.

அதற்கு அண்ணனிடம் வாங்கிய உதையில், காரோடு மரக்காணத்தில் தன் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். பகலில் கடலோரத்தில் ஃபைபர் போட்டு, அதாவது மீன்பிடிப் படகு, செய்யும் பட்டறையில் கூலி வேலை. மற்ற நேரமெல்லாம் உப்பளத்தை ஒட்டின கொல்லையில் கார் வேலை.

அங்கேதான் போனோம். அண்ணன், அவன் கூட்டாளி அரசப்பன், நான்.

"எஞ்சின் எங்கடி?" பானட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு அண்ணன் கேட்டான்.

"எஞ்சின், சக்கரம் எல்லாம் உள்ள பூட்டி வெச்சிருக்கேன். மொதல்ல இத ஒடைங்க. வெறும் தகரத்த ஒடைக்க மூணு ஆம்பளையா? தூ!"

அரசப்பன் கோடாலியால் கதவை வெட்டினான். உப்புக்காற்றில் அரித்த தகரம் அப்பளமாக நொறுங்கியது.

வேலியோரம் தார்ப்பாய்க்கு அடியில் ஃபைபர் போட்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் கோடாலியைப் பிடுங்கி அதன்மேல் ஓங்கினான்.

அரசப்பன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். "டேய், போட்டத் தொடாத! சுனாமில எல்லாத்தையும் வாரிக் குடுத்தவங்களுதா இருக்கும். குப்பமே தெரண்டு வந்து நம்மள வெட்டும்."

அண்ணன் கோபம் அண்ணி மேல் திரும்பியது. "மாயவா, அவ கைய நீட்டிப் பிடிடா!"

பிடித்தேன். ஸ்பேனர் இறங்கியது. என் பிடிக்குள்ளேயே எலும்பு முறிந்தது.

"இனிமே எந்தக் கையால ஓட்டுவ?"

அண்ணி, வலியில் கடித்த உதட்டின் ரத்தத்தைத் துப்பினார். "இன்னொண்ணு இருக்குதுடா."

அன்றைக்கே பஸ் ஏறி ஓடிவந்துவிட்டேன். மூன்று நாள் கண் மூடவில்லை. இன்று போட்டுப் பட்டறைக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, போலீஸ்ல சொல்லுங்க. நானே வந்து ஸ்டேஷன்ல நிக்கிறேன்."

"சொல்லியாச்சு. உம் பேரும் இருக்குது."

"உங்க காரு போச்சே அண்ணி."

"காரு எங்க போச்சு?"

"நாங்கதான் சுக்கு நூறா..."

"நீங்க ஒடச்சது பழைய தகரம். அதுல அச்சு எடுத்து, ஃபைபர்லயே புது பாடி செஞ்சு, நீங்க வர்றதுக்கு முந்தின நாளே காய வெச்சுட்டேன். தகரத்த உரிக்க ஒரு வாரம் ஆவுமேன்னு மலைச்சுப் போயிருந்தேன். அரை மணில முடிச்சுக் குடுத்துட்டீங்க. அடியில இருக்குற சேஸிஸ் சட்டத்துல ஒரு கீறல் இல்ல."

"புது பாடி எங்க அண்ணி இருந்துச்சு?"

"போட்டு, போட்டுன்னு அரசப்பன் காப்பாத்திக் குடுத்தானே, அதான்."

பிறகு அண்ணியே சொன்னார்: "பாடிய ஒத்தக் கையால தூக்கி வெக்க முடியல. பஸ் ஏறு. வந்து தூக்கிட்டு, அப்பறம் ஸ்டேஷனுக்குப் போ."

நான் கிளம்பிவிட்டேன். இதைப் படிக்கிற நம்ம சொந்தக்காரர்கள் யாராவது மூன்று பேர் சனிக்கிழமை காலையில் பாடி தூக்க அந்தக் கொல்லைக்கு வாருங்கள். அண்ணனிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.