மொட்டை மாடிப் புகை

தமயந்தியின் மூளையில் வெடித்த ரத்தக்குழாயை அறுவைசிகிச்சை செய்து அடைத்தாயிற்று. இனி மற்றக் குழாய்கள் சுருங்கிவிடுமோ என்பதுதான் பயம்.

"அவங்களுக்கு பிரஷர், சிகரெட் ஏதாவது உண்டா?" என்றார் டாக்டர்.

கணவர் கோதண்டம் கொதித்துவிட்டார். "சிகரெட்டா? யாரப் பாத்து என்ன கேக்கறீங்க?"

டாக்டர் நகர்ந்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்த மகள் ஓவியா, ஓடிப்போய் அவரை மறித்தாள்.

"பிடிப்பாங்க சார். தினமும். மொட்டை மாடியில."

"அப்ப குழாய் சுருங்கற ஆபத்து ரொம்ப அதிகம்" என்று டாக்டர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விரைந்தார்.

பின்னாலேயே வந்து கேட்டுவிட்ட அப்பா கையை ஓங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை. மூடிய கதவைப் பார்த்து அவர் அழுதுகொண்டிருந்தார்.

"பொழச்சு வரட்டும்டி. நடுவீட்டுல உக்காந்து பிடிக்கட்டும். நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."