பொலிசுக்கு ஆள் சேர்த்த யோகராஜா

சுவிஸ் பொலிஸ் வேலைக்குத் தமிழ்ப் பிள்ளைகளையும் அழைக்கும் துண்டுப்பிரசுரங்களை அட்லிஸ்வில் கோயிலில் ஓடியோடிக் கொடுத்தவர் யோகராஜாதான். "எங்கட பிள்ளையள் அங்க இருந்தால்தான் எங்கட கஷ்டம் அவைக்கு விளங்கும்" என்றார். நாலு பேர் விண்ணப்பித்தும் விட்டார்கள்.

மகள் வேணுகா படிவத்தோடு வந்தபோது மட்டும், "நீ வேண்டாம் பிள்ளை" என்றார்.

"ஊருக்குத்தான் உபதேசமோ அப்பா?"

"ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளன்."

"பொம்பிளைப் பிள்ளை எண்டபடியாலோ?"

"அதில்லை."

முப்பது வருடம் கோப்பை கழுவிக் களைத்த விரலைப் படிவத்தில் வைத்தார்.

"குடும்பத்தையும் விசாரிப்பினமாம். தகப்பன்ர பேர் கேட்டிருக்கு."

"யோகராஜா எண்டு எழுதினால் முடிஞ்சுது."

"அது, நான் இஞ்ச வந்த பாஸ்போட்டுக்காரன்ர பேர் பிள்ளை."