எடுத்தது யார்?

"இதென்ன முத்துராமன், 'மை பாஸ்போர்ட் வாஸ் டேக்கன்'? பாஸ்போர்ட் தானா நடந்து போச்சா?"

நிவேதிதாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், ஞாயிறுதோறும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுக்கிறவள் அவள். மற்ற நாட்களில், அலுவலகத்தில் அடுத்தவர்களின் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவது வேலை. செய்தவன் பெயரே வராத பாஸிவ் வாய்ஸைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தப்புச் செய்தவன் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிற எழுத்து என்பாள்.

முத்துராமன் கொண்டுவந்த தாளில் இருந்ததே மூன்று வரி. பாஸ்போர்ட் எடுக்கப்பட்டது. கேட்டபோது மறுக்கப்பட்டது. இனிமேல் கேட்காதே என்று சொல்லப்பட்டது.

"யார் எடுத்தா? யார் சொன்னா? ஆளையே காணோமே! ஒவ்வொரு வரியும் செஞ்சவன் பேர்ல ஆரம்பிக்கணும். இன்னார் எடுத்தார், இன்னார் தர மாட்டேன்னார். அப்பத்தான் மனிதவள மினிஸ்ட்ரியில முதலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க லா."

"பேர் வேணாம் மேடம். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பாஸ்போர்ட் மட்டும் கைக்கு வந்தா போதும், ஊருக்குப் போயிட்டு வந்துடுவேன்."

"பேர் இல்லாம எப்படி வரும்? கம்பெனி பேராவது சொல்லுங்க."

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பயமா?"

"இல்ல மேடம்."

"பின்ன என்ன? பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கிறது இந்த ஊர்ல குற்றம். அந்த ஆளுக்கு வெட்கமில்ல, நீங்க அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வரீங்க!"

பக்கத்து மேசையில் இன்னொருவருக்கு மனு எழுதிக்கொண்டிருந்த ஆயிஷா, "மெதுவா நிவேதிதா" என்றாள்.

"என்ன மெதுவா? அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கிறார், இவர் முதலாளியோட மானத்தைக் காப்பாத்துறார். ஏன், அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி இல்லையா? வீட்டுல ஒருத்தி கூடவா கேக்க மாட்டா?"

முத்துராமன் எழுந்துகொண்டான். "நான் அந்த மேடம்கிட்ட எழுதிக்கிறேனே."

"ஏன், நான் எழுதினா ஆகாதா?" நிவேதிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நேரம் தொண்டை கிழியக் கத்தியது யாருக்காக? "வொர்க் பெர்மிட்டைக் கொடுங்க. நீங்க சொல்லாட்டி போங்க, நானே பார்த்து எழுதிக்கிறேன்."

கை நீட்டிக்கொண்டே இருந்தாள். அவன் தயங்கித் தயங்கி அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

முதலாளி என்ற இடத்தில் இருந்தது, அவள் கணவன் திலீப் நடத்தும் கம்பெனியின் பெயர்.

"போன தீபாவளிக்கு நீங்கதான் மேடம் எங்க எல்லாருக்கும் பிரியாணி பரிமாறினீங்க" என்றான் முத்துராமன். "சார் பேரை உங்க கையாலயே எழுத வைக்க மனசு வரல."