முதல் குடம்

"உண்மையைச் சொல்லிப்போடு அம்மணி. தூரமா இருந்துக்கிட்டுத்தான குடத்தைத் தூக்கிட்டு வந்தே?"

ஊர்ப் பெரியவர் தம்பிதுரை கேட்டதும், பிள்ளையார் கோயில் முன்னால் கூடியிருந்த அத்தனை ஆண்களும் வெங்கடம்மாளைப் பார்த்தார்கள்.

அவளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது. அதை ஐம்பது ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் எந்த வாயால் சொல்வது?

புருஷன் சென்னியப்பன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கும் தெரியும். ஆனால் தம்பிதுரை முன்னால் அவனுக்கு என்றைக்கு வாய் வந்தது?

அந்த ஊரில் மழை பொய்த்தால் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையாரைச் சுற்றித் தீ மூட்டுவார்கள், ஊர் காய்கிற காய்ச்சல் சாமிக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று. பிறகு நூற்றெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். எப்போதும் நாலு சுள்ளி, ஒரு கட்டிக் கற்பூரம், அவ்வளவுதான்.

1936-ம் வருஷம் சித்திரையில் தம்பிதுரை, "இத்தனூண்டு தீயில சாமிக்கு எங்கீங்க உறைக்கப் போவுது?" என்று ஒரு வண்டி வேலா விறகை இறக்கிவிட்டார். விடியற்காலையில் மூட்டிய தீ உச்சிவேளை வரை நின்று எரிந்தது. "ம், ஆறறதுக்குள்ள ஊத்துங்க!" என்று அவசரப்படுத்தியதும் அவர்தான்.

ஊரில் தண்ணீர் கிடந்தது வெங்கடம்மாள் கிணற்றில் மட்டும். அதனால் முதல் குடம் அவளுக்கு என்று மரியாதை செய்தார்கள்.

ஊற்றினாள். படார் என்று ஒரு சத்தம். ஆவி அடங்கிப் பார்த்தால், பிள்ளையார் தலையிலிருந்து தொந்தி வரை இரண்டாகப் பிளந்திருந்தார்.

"சொல்லு அம்மணி!"

வைகாசியில் மகள் ராசாத்தாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பீளமேட்டு மில்லில் வேலை. இந்தப் பழி நின்றுவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வாசல்படி மிதிக்க மாட்டார்கள் என்று வெங்கடம்மாளுக்குத் தெரியும். பெண்கள் பக்கம் திரும்பினாள். தம்பிதுரையின் மனைவி சாமியாத்தாள் நின்றிருந்தாள். இருவருக்குள்ளும் ஒளிவுமறைவு கிடையாது.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமல்ல? நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

சாமியாத்தாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க பண்ணாடி..."

தூரத்தில் புளியமரத்தடியிலிருந்து தம்பிதுரையை அழைத்தது ஒரு குரல். கிணறு வெட்டுகிற மாசாணம். அதற்கு மேல் கோயிலை நெருங்க அவனை விட மாட்டார்கள்.

"அந்தம்மா மேல தப்பில்லீங்க. தீயில காஞ்ச கல்லு மேல பச்சத்தண்ணி பட்டா பொளந்துருமுங்க. போன வருசம் பண்ணாடி கெணத்துல உளி எறங்காத பாறையை அப்படித்தானுங்க பொளந்தோம். வெறகடுக்கி எரிச்சு, அனலா இருக்கறப்பவே தண்ணி ஊத்தினோம். பண்ணாடியும் மேல நின்னு பாத்தீங்களே!"

கூட்டம் தம்பிதுரை பக்கம் திரும்பியது. தம்பிதுரை மீசையைத் தடவினார். வெங்கடம்மாளுக்கு மூச்சு வந்தது.

"ஏன்டா, நீ பொளந்த கெணத்துப் பாறையும் எங்க பிள்ளையாரும் ஒண்ணா? சாமியைக் கல்லுங்கறயா?" என்றார் தம்பிதுரை.

அவ்வளவுதான். "அடிங்கடா அவனை!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். மாசாணம் ஓடித் தப்பித்தான்.

வெங்கடம்மாள் இனிக் கோயில் எல்லையை மிதிக்கக்கூடாது, அவள் வீட்டில் யாரும் கை நனைக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவரும் பேச்செடுக்கவில்லை. தண்ணீர் ஊறுகிற கிணறு ஊருக்கு வேறு ஏது?

மூன்றாம் நாளே மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கலாமல்ல ஆத்தா?" என்றாள் ராசாத்தாள். "உன்ற வெக்கம் பெருசா, என்ற வாழ்க்கை பெருசா?"

அன்றிலிருந்து மகள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனியிலும் மழை இல்லை. ஆடியில் அவிநாசிப் பக்கமிருந்து புதுப் பிள்ளையார் வந்து சேர்ந்தார். மறுபடியும் அதே வேண்டுதல், அதே ஒரு வண்டி வேலா விறகு. தண்ணீரும் வெங்கடம்மாள் கிணற்றுத் தண்ணீர்தான். முதல் குடம் மட்டும் இந்தத் தடவை சாமியாத்தாள் இடுப்பில் இருந்தது.

வெங்கடம்மாள் புளியமரத்தடியில், மாசாணத்துக்குப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். அவள் மனசு கெட்டுத்தான் போயிருந்தது. 'பிள்ளையாரப்பா, நீ இன்னொருக்கா பொளந்துரு. நான் சுத்தமானவள்னு இந்த ஊருக்கும் என்ற மகளுக்கும் காட்டு. எனக்கு மழைகூட வேண்டாம்.'

விறகு எரிந்து தணிந்தது. பூசாரி கங்குகளைத் தள்ளிவிட்டார். பிள்ளையார் அனல் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாமியாத்தாள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். வெங்கடம்மாள் கண்ணை இறுக்கிக்கொண்டு, அந்தப் படார் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

தம்பிதுரையின் குரல்தான் கேட்டது.

"ஏ, இரு புள்ள, இரு! அதுக்குள்ள ஊத்திப்போடாத. மொதல்ல கல்லு நல்லா ஆறட்டும்!"