நான்காம் அறைக்கு நாற்பது விநாடி

மருத்துவமனையில் டோக்கன் எண்களை அழைக்கும் மென்பொருள் அது. நான்காம் அறைக்கு மட்டும், அடுத்த எண்ணை அழைக்குமுன் நாற்பது விநாடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி இருந்தது. ஏன் என்று எந்தக் குறிப்பும் இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருடங்களாகிவிட்டன.

"எவன் தூக்கத்துல எழுதுனானோ" என்று, இப்போது அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ரெஹானா அந்த வரியை அழித்தாள்.

மறுநாள் காலை சரிபார்க்கப் போனாள். நான்காம் அறை, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு நடைப்பயிற்சி தரும் இடம். எழுபத்தொன்றை அழைத்ததும் ஒரு பெண் வாக்கரைப் பற்றி எழுந்தாள். ஆறாவது அடி வைக்கும்போது திரை எழுபத்திரண்டைக் கூப்பிட்டது. அவள் நின்றாள். பிறகு வாக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியை நோக்கித் திருப்பத் தொடங்கினாள்.

"அக்கா, நீங்க போங்க" என்றாள் ரெஹானா.

"என் நம்பர் போயிடுச்சேம்மா. வந்துகிட்டுதான் இருந்தேன்."

அவளைக் கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ரெஹானா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நாற்பதைத் திரும்ப வைத்தாள். யோசித்து அறுபதாக்கினாள். அதற்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக ஒரு வரி எழுதினாள்:

"வந்துகிட்டுதான் இருக்காங்க."