பெயரை மறைத்து ஒரு நகல்

"பாதாளச் சாக்கடைக் குழியில முகமூடி இல்லாம ஆளை இறக்கினேன்னு எம்மேல புகார் எழுதுனவன் யாரு மேடம்? தெரிஞ்சா கையக் கால முறிக்காம விடமாட்டேன்" என்றார் அல்சூர் கான்ட்ராக்டர் கோவிந்தப்பா. அருகில் அவர் மகள் ரூபினி தலைகுனிந்து நின்றாள்.

"அதனாலதான் பேரைச் சொல்ல முடியாது" என்றாள் தகவல் அதிகாரி ஜானகி.

"சரி, பேரை அடிச்சுட்டு லெட்டரை ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. தகவல் உரிமைச் சட்டத்துல இடம் இருக்கில்ல?"

இருந்தது. ஜானகியும் வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் யாருக்கும் ஒரு காகிதம்கூட இல்லையென்றதில்லை. ஃபைலைப் பூட்டிவைப்பவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். புகாரிலிருந்த பெயரைக் கறுப்பு மையால் அடிக்கப் போனவள், தகவல் கேட்டு கோவிந்தப்பா கொடுத்திருந்த மனுவை ஒருமுறை பார்த்துவிட்டு ஃபைலை மூடினாள்.

"அதுவும் கிடையாது."

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு எனக்கு மட்டும் ரகசியமா? அப்பீல் போறேன். இந்த மனுவை முத்து முத்தா எழுதின என் பொண்ணு, அப்பீலும் எழுதுவா. பி.ஏ. படிச்சவ."

"தாராளமா போங்க."

அவர் விறுவிறுவென்று வெளியேறினார். பின்னால் நகர்ந்த ரூபினியை ஜானகி நிறுத்தி, மனுவையும் புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே கை எழுதியவை.

ரூபினி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பீல்ல இதைக் குடுத்துடுவாங்க. ஒரு மாசம் ஆகும்" என்றாள் ஜானகி. "அதுக்குள்ள ஒரு வேலையும் ஹாஸ்டலும் தேடிக்க."